பிட் வைரமும் பிட் வம்சமும்

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளை ஏறி, மலைமேல் நின்று வடக்கே நோக்குவோருக்கு நகரி மலைகள் தெரியும். அவற்றின் ஒரு முனை மனித மூக்கைப் போல் எடுப்பாக நிற்கிறது. ஆங்கிலேய மாலுமிகள் அதற்கு ‘நகரி மூக்கு’ என்றே பெயரிட்டிருந்தனர். சென்னையின் கரை தாழ்ந்த மணற்கரை. ஆகவே, வங்கக் கடலில் கரையை நாடி வரும் பாய்மரக் கப்பல்களுக்குத் தொலைவில் தெரியும் இந்த மலையே நல்ல அடையாளமாக இருந்தது.

நகரி மலை படிகப் பாறையால் ஆனது. அது கடப்பைப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நகரியில் வைரம் இல்லை. ஆனால் இதே பாறைப் பரப்பு வடமேற்கே கடப்பை, கர்நூல் எனப் பரந்து, கிருஷ்ணை ஆற்றங்கரை வரை நீள்கிறது. உலகம் ‘கோல்கொண்டா வைரம்’ என்று போற்றிய கற்கள் அந்தப் பரப்பிலும் அதைச் சூழ்ந்த ஆற்றுப் படுகைகளிலும் கிடைத்தவையே.

அந்தக் கற்களில் ஒன்று ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றியது. அக்குடும்பத்தில் இருவர் இங்கிலாந்தின் பிரதமர் ஆயினர். அவர்களுள் இளையவர் இயற்றிய சட்டம் நம் நாட்டை 74 ஆண்டுகள் ஆண்டது. திருத்தணியைச் சூழ்ந்த சிற்றூர்களின் நிலவரி வரை அதன் விளைவு வந்து எட்டியது. சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த தாமஸ் பிட்டும் அவர் சந்ததியாரும் கொண்ட கதை இது.

பாதிரியாரின் மகன்

தாமஸ் பிட் 1653-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில், பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். குடும்பத்தில் பெருஞ்செல்வம் இல்லை. இருபது வயதை ஒட்டிக் கப்பலேறி இந்தியா வந்த பிட், வங்காளக் கரையில் இருந்த பாலசோர் துறைமுகத்தில் தங்கிச் சொந்தமாக வணிகம் செய்யத் தொடங்கினார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கீழைநாட்டு வணிகம் முழுவதும் தனக்கே உரியது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரச பட்டயம் பெற்றிருந்தது. மற்ற ஆங்கிலேயர் இங்கு வணிகம் செய்தால் அது அத்துமீறல். பிட் அதைப் பொருட்படுத்தவில்லை. கம்பெனி அவர்மேல் வழக்குத் தொடர்ந்தது. 1687-இல் 1,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டு, பிறகு 400 பவுனாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் அவர் ஈட்டியிருந்த பொருளோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே.

இந்திய வணிகத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு 1691-இல் அவர் இங்கிலாந்தில் ‘பழைய சேரம்’ என்னும் இடத்தை வாங்கினார். பெயரளவில் அது ஒரு நகரம். உண்மையில் மக்கள் கைவிட்டுப்போன மேட்டு நிலம். எனினும், பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் பழைய உரிமை அந்த நிலத்துக்கு இருந்தது. வாக்காளர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களும் நில உடைமையாளரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். நிலத்தை வாங்கியவர் பாராளுமன்ற இடங்களையும் வாங்கியவர் ஆனார். இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டையில் பதினோராண்டு

பிட்டை அடக்க முடியாத கம்பெனி அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1698 ஜூலையில் அவர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக வந்து இறங்கினார். 1709 வரை பதினோராண்டு அப்பதவியில் இருந்தார்.

அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1687-இல் கோல்கொண்டா வீழ்ந்தபின் இப்பகுதி முழுவதும் மொகலாயர் அதிகாரத்தின்கீழ் வந்திருந்தது. ஔரங்கசீப்பின் தளபதி தாவூத்கான் 1702-இல் சென்னையை மூன்று மாதம் முற்றுகையிட்டார். பிட் கோட்டையைக் காத்துக்கொண்டு, இறுதியில் பணம் கொடுத்து இணக்கம் செய்துகொண்டார். 1707-இல் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே நகரில் பெருந்தகராறு மூண்டது. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்கள் சென்னையுடன் சேர்ந்தன. அவர் ஆணைப்படி நகரம் அளந்து வரையப்பட்டது. அந்தப் படம் இன்றும் சென்னையின் பழைய அமைப்பை ஆராய்வோருக்கு முதன்மையான சான்று.

பிட்டின் உறவினர் ஒருவரின் பெயரும் சென்னை வரலாற்றில் உண்டு. சென்னைக் கோட்டையிலேயே பிறந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட் 1730 முதல் 1735 வரை கவர்னராக இருந்தார். நெசவாளரைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

தலைவருக்குக் கம்பெனி கொடுத்த ஊதியம் ஆண்டுக்கு 300 பவுன். இந்த ஊதியத்தை நம்பி எவரும் கடல் கடந்து வரவில்லை. பதவியில் இருந்துகொண்டே சொந்த வணிகம் செய்யலாம் என்ற வழக்கமே அவர்களை ஈர்த்தது. இங்கு ஈட்டிய செல்வத்தைத் தாய்நாட்டுக்கு எப்படிக் கொண்டு செல்வது என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஏற்ற பொருள் வைரம். கைப்பிடியில் அடங்கும், கெடாது, எங்கும் விலை போகும். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிச் செல்ல ஐரோப்பிய யூத வணிகர் பலர் சென்னையில் குடியேறியிருந்தனர். பவளக்காரத் தெரு என்னும் பெயர் அந்த வணிகத்தின் எச்சமே.

மண்ணுக்குள் பிறந்த கல்

வைரம் தூய கரி. பென்சிலில் உள்ள கிராபைட்டும் கரியே. அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே இரண்டையும் வேறுபடுத்துகிறது. பூமிக்குள் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆழத்திலும் அதற்குக் கீழும் நிலவும் கடும் அழுத்தத்தில்தான் கரியணுக்கள் வைரமாக இறுகுகின்றன. அங்கிருந்து கிம்பர்லைட் போன்ற எரிமலைக் குழம்பு விரைந்து மேலெழும்போது வைரங்களையும் சுமந்து வருகிறது. அனந்தப்பூர் மாவட்டம் வஜ்ரகரூரில் அத்தகைய குழாய்கள் உள்ளன. அவை சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

பாறை காலப்போக்கில் சிதைய, கடினமான வைரம் மட்டும் தேயாமல் எஞ்சுகிறது. மழைநீர் அதை அடித்துச் சென்று கூழாங்கற்களோடு ஆற்றுப்படுகையில் சேர்க்கிறது. கிருஷ்ணைக் கரையின் சரளை மண்ணைத் தோண்டி, கழுவி, உலர்த்தி, கையால் பொறுக்கி வைரம் எடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை உலகச் சந்தைக்கு வந்த வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது.

நாற்பத்தெட்டாயிரம் வராகன்

1701-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வைர வணிகர் பிட்டிடம் வந்தார். ஆங்கில ஆவணங்கள் அவர் பெயரை ‘ஜம்சந்த்’ என்று எழுதுகின்றன. அவர் காட்டிய கற்களுள் ஒன்று 410 காரட் எடையுள்ளது. இன்றைய அளவில் ஏறத்தாழ 84 கிராம். ஒரு கோழிமுட்டையைவிட அளவில் சிறியது. ஆனால் அதுபோன்ற வைரத்தைக் கோட்டையில் எவரும் கண்டதில்லை.

வணிகர் முதலில் கேட்ட விலை 2 லட்சம் வராகன். பேரம் பல நாள் நீண்டது. முடிவில் 48,000 வராகனுக்குக் கல் கைமாறியது. ஆங்கிலப் பணத்தில் அது சுமார் 20,400 பவுன். கவர்னரின் ஊதியத்தைக் கொண்டு பார்த்தால் 68 ஆண்டுச் சம்பளம்! 1702-இல் தம் மூத்த மகன் ராபர்ட் பிட்டின் வசம் கல்லை இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

வைரத்தோடு ஒரு பழியும் கப்பலேறியது. சுரங்கத்தில் வேலை செய்த ஓர் அடிமை அக்கல்லைக் கண்டெடுத்துத் தன் காலில் புண் உண்டாக்கி, கட்டுக்குள் மறைத்துக் கடற்கரைக்கு வந்தான். ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவன் கல்லைப் பறித்துக்கொண்டு அவனைக் கடலில் தள்ளினான். அது பிறகு வணிகர் கைக்கு வந்தது என்பது பரவிய கதை. பிட் அக்கல்லை முறைகேடாகப் பெற்றார் என்ற பேச்சும் லண்டனில் எழுந்தது. இங்கிலாந்து திரும்பும் வழியில், 1710-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில், தாம் கல்லை வாங்கிய விதத்தைப் பிட் ஓர் உறுதிமொழியாக எழுதி வைத்தார். நாமறிந்த பேர விவரங்கள் அதிலிருந்து கிடைப்பவையே. அடிமையைப் பற்றிய கதைக்கு ஆவணச் சான்று ஏதும் இல்லை.

ஆனால் கதையை ஒதுக்கிவிட்டாலும் ஒரு கேள்வி நிற்கிறது. மண்ணுக்குள் இருந்த கல்லை யாரோ ஒருவர் கையால் எடுத்திருக்க வேண்டும் அல்லவா? அவருக்கு என்ன கிடைத்தது?

தோண்டியவரின் கூலி

இதற்கு ஓரளவு விடை தருபவர் பிரெஞ்சு நகை வணிகர் தவர்னியே. பிட் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன் அவர் கோல்கொண்டா நாட்டின் சுரங்கங்களை நேரில் பார்த்தார். கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், குழந்தைகள் என 60,000 பேர் வேலை செய்ததாக எழுதியுள்ளார். ஆண்கள் தோண்டினர், பெண்களும் குழந்தைகளும் மண்ணைச் சுமந்தனர். மற்றொரு சுரங்கத்தில், தொழிலில் நல்ல தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கே ஆண்டுக்கு 3 வராகன்தான் கூலி என்றும் குறித்துள்ளார். கூலி அவ்வளவு குறைவாக இருந்ததால் சிலர் கல்லை விழுங்கியும் மறைத்தும் எடுத்துச் செல்ல முயன்றனர்; அதைத் தடுக்கக் காவலர் பலர் நிறுத்தப்பட்டிருந்தனர்.

ஒரு சிறு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48,000 வராகனை 3-ஆல் வகுத்தால் 16,000. அதாவது, அந்தக் கல்லுக்குக் கவர்னர் கொடுத்த விலை ஒரு சுரங்கத் தொழிலாளியின் 16,000 ஆண்டுக் கூலி. இரு காலங்களுக்கும் இடையே கூலி சற்று மாறியிருக்கலாம். கணக்கின் நோக்கம் இடைவெளியின் அளவை உணர்வதே.

பட்டறையிலிருந்து அரண்மனைக்கு

லண்டனில் ஹாரிஸ் என்ற கைவினைஞர் அக்கல்லைப் பட்டை தீட்டினார். வைரத்தை அறுக்க வைரப்பொடியைத் தவிர வேறு பொருள் இல்லாத காலம் அது. வேலை முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின; செலவு சுமார் 5,000 பவுன். 410 காரட் கல்லில் எஞ்சியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இன்றைய மெட்ரிக் காரட்டில் சுமார் 140. எடை குறைந்தது, ஒளி பெருகியது.

இத்தனை பெரிய வைரத்தை வாங்க எளிதில் ஆள் கிடைக்கவில்லை. 1717-இல்தான் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுனுக்கு அதை வாங்கினார். சிறுவனான மன்னருக்குப் பதிலாக ஆண்ட அவரை ‘ரீஜண்ட்’ என்பர். அதனால் வைரமும் ரீஜண்ட் வைரம் ஆயிற்று. அது பதினைந்தாம் லூயியின் முடியில் 1722-இல் ஏறியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792-இல் திருடப்பட்டு மீண்டது. நெப்போலியனின் வாளில் பதிந்தது. 1940-இல் ஜெர்மானியர் படையெடுத்தபோது ஷாம்போர் மாளிகையில் மறைத்து வைக்கப்பட்டது. இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கு உரியது. 2025 அக்டோபரில் அங்கு புகுந்த திருடர்கள் அரச நகைகள் எட்டைக் கொண்டு சென்றனர். ரீஜண்ட் வைரம் அவர்கள் கைக்குத் தப்பியது.

மக்களும் பேரர்களும்

விற்ற பணத்தைப் பிட் நிலமாக மாற்றினார். அதே 1717-இல் கார்ன்வால் மாவட்டத்தில் போகனாக் என்னும் பெரிய பண்ணையை 54,000 பவுனுக்கு வாங்கினார். 1726-இல் அவர் இறந்தபோது, பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் நாட்டின் பெருநிலக்கிழார்களுள் ஒருவராக இருந்தார்.

அவருடைய மகள் லூசி 1713-இல் ஜேம்ஸ் ஸ்டான்ஹோப் என்ற தளபதியை மணந்தாள். அவர் சில ஆண்டுகளில் முதலாம் ஜார்ஜ் மன்னரின் தலைமை அமைச்சர் ஆனார். வைரத்தைச் சுமந்து சென்ற ராபர்ட்டின் இரண்டாம் மகன் வில்லியம் பிட். இவர் 1735-இல் முதன்முதலாகப் பாராளுமன்றத்தில் நுழைந்தது எந்தத் தொகுதியிலிருந்து தெரியுமா? பாட்டனார் வாங்கிய பழைய சேரத்திலிருந்து! ஏழாண்டுப் போரில் இங்கிலாந்தை வெற்றிக்கு இட்டுச் சென்றவர் இவரே. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் இவர் பெயரைத் தாங்கியது. 1766-இல் சாத்தம் பிரபு என்ற பட்டத்துடன் பிரதமரானார்.

ஆசியாவின் செல்வத்தைக் கொண்டுவந்து பாராளுமன்ற இடங்களை விலைக்கு வாங்குகிறார்கள் என்று 1770-இல் இந்தச் சாத்தம் பிரபு அவையில் கடிந்து பேசினார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவருடைய பாட்டனாரும் அப்படி வாங்கியவர்களுள் ஒருவர். செல்வம் இரண்டு தலைமுறை கடந்தால் அதன் ஊற்று மறந்துபோவது உண்டு.

மகள் வழியில் விஞ்ஞானி

பிட் குடும்பம் அரசியல்வாதிகளை மட்டும் தரவில்லை. லூசியின் மகன் பிலிப், கணிதத்தில் ஈடுபாடு மிக்கவர். அவருடைய மகன் சார்லஸ் ஸ்டான்ஹோப் (1753–1816) குறிப்பிடத்தக்க விஞ்ஞானி. 1775-ஐ ஒட்டிக் கணக்கிடும் எந்திரங்களை அமைத்தார். மின்னலைப் பற்றி ஆராய்ந்து 1779-இல் நூல் வெளியிட்டார். 1800-ஆம் ஆண்டை ஒட்டி முழுவதும் இரும்பாலான அச்சு எந்திரத்தை உருவாக்கினார். கூட்டன்பர்க் காலத்திலிருந்து மரத்தால் ஆன அழுத்தப் பொறியே வழக்கத்தில் இருந்தது. ஸ்டான்ஹோப்பின் எந்திரத்தில் குறைந்த உழைப்பில் தாள் முழுவதையும் ஒரே அழுத்தில் அச்சிட முடிந்தது. அதற்கு அவர் தனியுரிமை கோரவில்லை. எவரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இவர் மணந்தது சாத்தம் பிரபுவின் மகள் ஹெஸ்டரை. கணவன், மனைவி இருவருமே வைரம் வாங்கிய கவர்னருக்குக் கொள்ளுப்பேரர்கள். அவர்கள் மகள் லேடி ஹெஸ்டர் ஸ்டான்ஹோப் (1776–1839) மேற்கு ஆசியாவுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டாள். 1815-இல் பாலஸ்தீனத்தின் அஸ்கலான் நகரில், ஒரு பழைய கையெழுத்துப் பிரதியின் குறிப்பைக் கொண்டு அவள் நடத்திய அகழாய்வு அந்நாட்டின் முதல் அகழாய்வுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. லெபனான் மலையில் கடன்பட்டு, வறுமையில் இறந்தாள். பரம்பரைச் செல்வம் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை.

கொள்ளுப்பேரனின் சட்டம்

சாத்தம் பிரபுவின் இளைய மகனும் வில்லியம் பிட்டே. இவரை ‘இளைய பிட்’ என்பர். 1783 டிசம்பரில் 24-ஆம் வயதில் பிரதமரானார். இங்கிலாந்தில் இவ்வளவு இளம் வயதில் அப்பதவிக்கு வந்தவர் வேறு எவரும் இல்லை.

கம்பெனியின் ஆட்சியை ஒழுங்குபடுத்த அவர் 1784-இல் இந்தியச் சட்டத்தை நிறைவேற்றினார். வணிகம் கம்பெனியின் கையிலேயே இருக்கும். ஆட்சியையும் போரையும் வரியையும் லண்டனில் உள்ள கட்டுப்பாட்டு வாரியம் மேற்பார்வையிடும் என்பது அதன் சாரம். 1858-இல் கம்பெனி ஆட்சி ஒழியும் வரை இந்த இரட்டை ஏற்பாடு நீடித்தது. ஒரு காலத்தில் கம்பெனியின் கட்டுப்பாட்டை மீறி அபராதம் கட்டியவரின் கொள்ளுப்பேரன், அதே கம்பெனிக்குக் கடிவாளம் போட்டார் என்பது வியப்பூட்டும் திருப்பம்.

இச்சட்டம் தமிழகத்தை எப்படித் தொட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆர்க்காட்டு நவாபின் கடன். நவாப் முகமது அலி, சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே பெருவட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அதில் எது உண்மையான கடன், எது பொய்க் கணக்கு என்பது எவருக்கும் விளங்கவில்லை. கடன்களை ஆராய வேண்டும் என்று 1784-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியது. ஆயினும் கட்டுப்பாட்டு வாரியம் தனி விசாரணை இன்றியே அவற்றை ஏற்க உத்தரவிட்டது. கடன்காரர்களுக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இருந்த செல்வாக்கே காரணம் என்று எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். வாக்கெடுப்பில் பிட் வென்றார்.

அந்த ஏற்பாட்டின்படி கடனுக்காக ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட தொகை 12 லட்சம் வராகன். 48,000 வராகனுக்கு வாங்கிய வைரத்தை அளவுகோலாகக் கொண்டால், ஆண்டுக்கு 25 பிட் வைரங்களின் விலை! பின்னாளில் உடன்படிக்கைகள் இத்தொகையைக் குறைத்தன. ஆனால் நவாபின் பெயரால் பிறகு எழுந்த புதிய கோரிக்கைகளை 19-ஆம் நூற்றாண்டில் ஆணையர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பகுதி ஏற்கத்தகாதது என்று தள்ளுபடி ஆயிற்று. ஆராய்ந்திருந்தால் முந்திய கடன்களும் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இந்தப் பணம் நவாபின் கருவூலத்தில் தானாக முளைக்கவில்லை. ஆர்க்காட்டுச் சீமையின் உழவர் செலுத்திய வரியிலிருந்தும், பாளையக்காரர் கட்டிய கப்பத்திலிருந்தும் வந்தது. திருத்தணி அப்போது கார்வேட்நகர்ப் பாளையத்தில் அடங்கியிருந்தது. அதன் தலைவர்கள் நவாபுக்குக் கப்பம் கட்டி வந்தனர். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், கார்வேட்நகர் உள்ளிட்ட பாளையங்களின் கப்பத்தைக் கம்பெனியே நேரடியாக வசூலிக்கலாயிற்று. 1801-இல் ஆர்க்காட்டுச் சீமை முழுவதும் கம்பெனியிடம் போனது. அடுத்த ஆண்டு கார்வேட்நகருக்கு நிரந்தர ஜமீன் சன்னது வழங்கப்பட்டது. நிலவரிக்கு நிலையான விதிகள் வேண்டும் என்று 1784-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற பிரிவு, முதலில் 1793-இல் வங்காளத்தில் நிரந்தர ஜமீன் முறையாக வடிவெடுத்து, பிறகு நம் பக்கமும் வந்தது. சென்னை மாகாண அரசு 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றும் வரை அந்த அமைப்பு நிலைத்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கார்வேட்நகர் ஆந்திரத்தில் இருக்கிறது.

இளைய பிட் திருத்தணி என்ற பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். அவருக்குத் தீய எண்ணம் இருந்தது என்றும் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் வாழாத தொகுதிகளை ஒழிக்க 1785-இல் அவரே தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். பழைய சேரம் போன்ற தொகுதிகள் 1832-இல்தான் ஒழிந்தன. ஆயினும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு மேசையில் இடப்பட்ட கையெழுத்து, அவரை ஒருபோதும் கண்டிராத உழவரின் களத்துமேட்டு நெல்லைக் குறைத்தது. குடியேற்ற ஆட்சி என்பதன் இயல்பு இதுவே.

எஞ்சிய தாள்கள்

இளைய பிட் திருமணம் செய்துகொள்ளவில்லை, 1806-இல் இறந்தார். அவர் அண்ணனோடு 1835-இல் சாத்தம் பட்டமும் மறைந்தது. மூத்த கிளையின் கடைசி வாரிசான இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு 1804-இல் துப்பாக்கிச் சண்டையில் உயிரிழந்தார். போகனாக் பண்ணை அவர் சகோதரிக்குப் போய், பின்னர் ஃபார்ட்டெஸ்க்யூ குடும்பத்தைச் சேர்ந்தது. கவர்னரின் கடிதங்கள் பலவும் பண்ணையோடு கைமாறிக் காக்கப்பட்டன. 1892-இல் அரசு ஆவண ஆணையம் அவற்றை அச்சிட்டது. ஸ்டான்ஹோப் கிளையில் வந்த ஐந்தாம் பிரபு, இளைய பிட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1856-இல் லண்டன் தேசிய உருவப்படக் கூடம் அமையவும் அவரே காரணர்.

இவ்வாறு அக்குடும்பத்தை எட்டுத் தலைமுறை வரை பெயர், பிறப்பு, இறப்பு, படம், கடிதம் என எல்லாவற்றோடும் நாம் தொடர முடிகிறது. நிலம் இருந்ததால் வீடு நிலைத்தது. வீடு நிலைத்ததால் தாள்கள் நிலைத்தன. தாள்கள் நிலைத்ததால் வரலாறு எழுதப்பட்டது.

கல்லை மண்ணிலிருந்து எடுத்தவருக்கு வீடும் இல்லை, தாளும் இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். அவர்களின் பேரர்கள் இன்று கிருஷ்ணைக் கரையில் எங்கேனும் வாழ்ந்து கொண்டிருக்கலாம். அதைச் சொல்ல எந்த ஆவணமும் இல்லை. அவர் பெயர் தெரியாமல் போனது தற்செயல் அன்று. ஆண்டுக்கு மூன்று வராகன் கூலி வாங்கியவரின் பெயரை எழுதி வைக்க எவருக்கும் தேவை இருக்கவில்லை.

வரலாறு பயிலும் மாணவர்கள் ஓர் ஆவணத்தைக் கையில் எடுக்கும்போது, அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. யார் இல்லை, ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும். தவர்னியே போகிற போக்கில் குறித்த ‘மூன்று வராகன்’ போன்ற ஒரு சிறு எண், சில வேளைகளில் ஒரு வம்சத்தின் கடிதக் கட்டு முழுவதையும்விட அதிகம் சொல்லும். அத்தகைய எண்கள் நம் ஊர்க் கோயில் கணக்குகளிலும், ஜமீன் ஏடுகளிலும், கலெக்டர் அலுவலகப் பழைய பதிவுகளிலும் இன்னும் படிக்கப்படாமல் கிடக்கின்றன.